வினைக்குப் பின்னே நிற்கும் சிறுசொல்

ஜொகூரின் பாசிர் கூடாங், பெங்கேராங் ஆலைகளில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவரிடம் ‘ஷட்டவுன்’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். ஆலையை முழுவதுமாக நிறுத்தி, குழாய்களையும் கலன்களையும் திறந்து சுத்தம் செய்து, பழுது பார்த்து, மறுபடி ஓட்டும் வரை நடக்கும் வேலை மொத்தமும் அவருக்கு ‘ஷட்டவுன்’தான். ‘தம்பி ஷட்டவுன் வேலைக்குப் போயிருக்கான்’ என்று வீட்டிலும் அதே பேச்சு. வேலை நேரம் மாறும்போது ‘ஹேண்ட் ஓவர்’. இயந்திரம் நின்றுபோனால் ‘பிரேக்டவுன்’. பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறவருக்கு ‘கிளாக் இன்’. கைப்பேசிக்கும் டோல் அட்டைக்கும் ‘டாப் அப்’. பள்ளி விட்டதும் பிள்ளைகளை ‘பிக்கப்’ பண்ண வேண்டும். ஆங்கில இலக்கணத்தார் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்று சொல்லும் சொற்கூட்டுகள் இவை: ஒரு வினை, அதன் பின்னால் ‘அப்’, ‘டவுன்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற ஒரு சிறுசொல். தமிழில் இதைத் தொடர்வினை என்று சொல்லலாம். ஜொகூர்த் தமிழ்க் குடும்பத்தின் அன்றாடப் பேச்சில் இவை கலக்காத நாள் இல்லை.

அதே குடும்பத்துப் பிள்ளை, இடைநிலைப்பள்ளி இறுதியில் வரும் எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வில் கட்டுரை எழுத உட்காரும்போது இவை மறைந்துவிடுகின்றன. கூட்டம் தள்ளிப்போனதைச் சொல்ல ‘போஸ்ட்போன்’ என்றுதான் எழுதும். ‘புட் ஆஃப்’ என்று எழுதக் கை வராது. பொறுத்துக்கொள்வதற்கு ‘டாலரேட்’ வரும். ‘புட் அப் வித்’ வராது. எழுதியது பிழையில்லை. ஆனாலும் ஆங்கிலம் இயல்பாகப் பேசப்படும் இடத்தில் அது அரசு அறிக்கை வாசிப்பதுபோல ஒலிக்கிறது. நேர்காணலுக்குப் போகும்போதும், வேற்றுநாட்டு மேலாளரிடம் வேலை பார்க்கும்போதும் எதிரில் இருப்பவர் பேசுவதில் பாதி பிடிபடாமல் போகிறது.

இதற்கு மாணவரின் சோம்பலையோ ஆசிரியரின் திறனையோ காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சரியில்லை என்பது என் எண்ணம். தொடர்வினையின் உள்ளமைப்பை ஒரு தமிழ்ப்பிள்ளை புரிந்துகொள்வதற்கான வழி தமிழுக்குள்ளேயே இருக்கிறது. நம் இலக்கணத்தில் அதற்குத் துணைவினை என்று பெயர். அந்த வழியை நாம் திறந்துவிடாமல், நூறு தொடர்வினைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

முதலில் அந்தச் சிறுசொல் யார் என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘ரன் அப் எ ஹில்’ என்றால் குன்றின் மேல் ஓடுவது. ‘ரன் அப் எ பில்’ என்றால் கடையில் கணக்கு ஏறிக்கொண்டே போவது. கண்ணுக்கு இரண்டும் ஒரே அமைப்பு. முதல் வாக்கியத்தில் ‘அப்’ குன்றைச் சேர்ந்தது. நம் வேற்றுமை உருபும் ‘மேல்’ என்ற சொல்லுருபும் செய்கிற வேலையை, பெயருக்கு முன்னால் நின்று செய்கிறது. அது முன்னிடைச்சொல். இரண்டாவதில் ‘அப்’ வினையைச் சேர்ந்தது; ஓட்டத்தின் பொருளையே மாற்றிவிடுகிறது. அது வினையடை. எது எது என்று கண்டுகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. குன்றுக்கும் கணக்குக்கும் பதிலாக ‘இட்’ என்று போட்டால், ‘ரன் அப் இட்’ என்பது குன்றை மட்டுமே குறிக்கும்; ‘ரன் இட் அப்’ என்பது கணக்கை மட்டுமே குறிக்கும்.

இதே வேறுபாடுதான் அகராதியில் சொல்லைத் தேடும் ‘லுக் அப்’புக்கும் குழந்தையைக் கவனிக்கும் ‘லுக் ஆஃப்டர்’ருக்கும் இடையில் இருக்கிறது. முதலாவதில் செயப்படுபொருள் நடுவில் நுழையலாம். சுட்டுப்பெயராக இருந்தால் நுழைந்தே ஆகவேண்டும். இரண்டாவதில் நுழையவே முடியாது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ‘புட் அப் வித்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’ போன்றவற்றில் வினையடையும் முன்னிடைச்சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது வினையோடு ஒட்டும், அடுத்தது வரவிருக்கும் பெயரோடு ஒட்டும்.

காதுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. நம் பாடநூல்கள் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் இதைத்தான். வினையடையாக வரும் சிறுசொல் அழுத்திச் சொல்லப்படும்; முன்னிடைச்சொல் மெலிந்து போகும். வினையாக வரும்போது ‘ஷட் டவுன்’ என்பதில் அழுத்தம் ‘டவுன்’ மேல் விழுகிறது. அதே சொல் பெயராகிவிட்டால் அழுத்தம் ‘ஷட்’டுக்கு ஏறிவிடுகிறது. தமிழிலோ மலாயிலோ ஒரே சொல்லில் அழுத்தத்தை இடம் மாற்றிப் பொருளை மாற்றும் வழக்கம் இல்லை. அதனால் இந்த இரண்டையும் நாம் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போகிறோம். சொல்வதில் மட்டும் அல்ல, கேட்பதிலும் அந்த வேறுபாடு நம் காதில் விழாமல் போகிறது.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் சிறுசொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘ஓவர்கம்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’ ஆகியவை அந்தக் காலத்தின் மிச்சம். எரித்துத் தீர்ப்பதற்கு அன்று ‘ஃபொர்’ என்ற முன்னொட்டு இருந்தது. இன்று ‘பர்ன் அப்’ என்று பின்னால் போய்விட்டது. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியில் சிறுசொல் வினைக்குப் பின்னால் நிற்கும் வழக்கம் வலுவாக இருந்தது. ‘டேக்’ என்ற வினையே அவர்கள் கொண்டுவந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு ஆட்சிமொழியானபோது பழைய முன்னொட்டு வினைகள் பலவற்றின் இடத்தைப் பிரெஞ்சு வினைகள் பிடித்துக்கொண்டன. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பேசியவர்களோ ‘கோ’, ‘கம்’, ‘புட்’, ‘டேக்’ என்ற ஓரசை வினைகளுக்குப் பின்னால் சிறுசொல்லைச் சேர்த்துச் சேர்த்துப் புதுப்பொருள் உண்டாக்கினார்கள். அறிக்கை ஆங்கிலத்துக்கும் பேச்சு ஆங்கிலத்துக்கும் இன்று தெரியும் இடைவெளியில் பாதி அந்தப் பழைய பிளவிலிருந்து வந்தது.

1755இல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இந்தச் சொற்கூட்டுகள்தான் அயல்மொழிக்காரரை மிகவும் திணறடிப்பவை என்று எழுதி, அதனாலேயே அவற்றைக் கவனமாகத் திரட்டியதாகச் சொல்கிறார். ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் அச்சில் பரவியது அதற்கும் வெகு பின்னால், 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூலின் வழியே.

எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. டீ கார்ட்னரும் மார்க் டேவிஸும் 2007இல் பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை ஆராய்ந்தார்கள். பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பு அது. அதில் வரும் தொடர்வினைப் பயன்பாட்டில் ஏறக்குறைய பாதியை வெறும் 20 வினைகளும் 8 சிறுசொற்களும் சேர்ந்து சுமக்கின்றன என்று கண்டார்கள். அந்த எட்டு: அவுட், அப், டவுன், பேக், ஆஃப், ஆன், இன், ஓவர். மறுபக்கத்தில், அடிக்கடி வரும் தொடர்வினை ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்துக்கு மேல் பொருள் இருப்பதும் அவர்கள் கணக்கில் தெரிந்தது. சொற்கள் சில, பொருள்கள் பல. இந்த நிலையில் பட்டியல் மனப்பாடம் எப்படி உதவும்? பட்டியலில் ஒரு தொடர்வினைக்கு ஒரு பொருள்தானே எழுதியிருக்கும்?

அயல்மொழி மாணவர் தொடர்வினையைத் தவிர்க்கிறார் என்பதும் நெடுநாளாக ஆராயப்பட்ட செய்தி. 1985இல் டகுட்டும் லாஃபரும் ஹீப்ரு பேசும் மாணவரிடம் இதைக் கண்டார்கள். ஹீப்ருவில் இந்த அமைப்பு இல்லை. எனவே தவிர்க்கிறார்கள் என்று முடிவு சொன்னார்கள். நான்கு ஆண்டு கழித்து ஹுல்ஸ்டைனும் மார்ச்சேனாவும் டச்சு மாணவரிடம் அதே சோதனையை வைத்தார்கள். டச்சு மொழியில் இதே அமைப்பு தாராளமாக உண்டு. அதனால் அவர்கள் அமைப்பையே ஒதுக்கவில்லை. ஆனால் தங்கள் மொழியின் மரபுத்தொடரை அப்படியே உரித்துவைத்ததுபோல் இருக்கும் சிலவற்றை நம்பாமல் விட்டார்கள். இவ்வளவு ஒத்திருக்கிறதே, நிஜமாகவே ஆங்கிலமாக இருக்குமா என்ற ஐயம். இந்த இரண்டாம் முடிவு தமிழ் மாணவருக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

மலேசியாவிலும் இது பற்றி வேலை நடந்திருக்கிறது. பள்ளி மாணவரின் ஆங்கில எழுத்தைத் திரட்டிய எமாஸ் என்னும் தரவகத்தை மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். மலேசிய மாணவரின் தொடர்வினைப் பயன்பாட்டை ரஃபிதா கமாருடின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். இடைநிலைப்பள்ளி ஆங்கிலப் பாடநூல்களில் வரும் தொடர்வினைகளை அப்தொல்வாஹெத் ஜரிஃபியும் ஜெயகரன் முகுந்தனும் எண்ணிப் பார்த்தார்கள். நடைமுறை ஆங்கிலத்தில் அடிக்கடி வருபவை எவையோ அவற்றைக் கொண்டு பாடநூல்களுக்கான தொடர்வினைகள் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பது அந்த எண்ணிக்கையில் வெளிப்பட்டது. 2017 முதல் நம் ஆங்கிலப் பாடத்திட்டம் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலுக்கு மாற்றப்பட்டு, வெளிநாட்டில் அச்சான பாடநூல்களும் வந்தன. ஆனால் பிரிட்டனில் எழுதப்பட்ட நூல், படிக்கிற பிள்ளை வீட்டில் எந்த மொழி பேசுகிறது என்று அறியாது. அதை அறிந்தவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் மட்டுமே.

ஜொகூர்ப் பிள்ளையின் மொழிப்பாதையை ஒருமுறை நடந்து பார்ப்போம். மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரப் பள்ளிகளில் பல, தோட்டத்தில் பிறந்து தோட்டத்தின் பெயரையே இன்னும் தாங்கி நிற்பவை. ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறது. சிலருக்கு நடுவில் ஓராண்டு புகுமுக வகுப்பு. 1914இல் தொடங்கிய ஜொகூர் பாரு ஆங்கிலக் கல்லூரி போன்ற பள்ளிகளில் படித்த தலைமுறைக்கு ஆங்கிலமே பயிற்றுமொழி. 1970இல் தொடங்கிப் படிப்படியாக அந்த இடம் மலாய்க்கு வந்தது. எனவே இன்றைய மாணவருக்குப் புதிய ஆங்கிலச் சொல்லின் பொருள் பெரும்பாலும் மலாய் வழியாக விளக்கப்படுகிறது.

மலாய் விளக்கம் பொருளைச் சரியாகத்தான் சொல்கிறது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் ‘ஜாகா’. ‘லுக் ஃபார்’ என்றால் ‘சாரி’. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். ஆனால் ‘லுக்’ என்ற ஒரே வினையிலிருந்து இவை கிளைத்தன என்ற செய்தி அந்த இடத்தில் அறுந்துபோகிறது. இப்படி அறுத்துக் கொடுத்தால் மாணவர் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? மலாய்க்கும் இதற்கான கருவி உண்டு. அது வேறு வகை. ‘மாசுக்’ என்றால் நுழை. ‘மாசுக்கான்’ என்றால் உள்ளே போடு. ‘மெமாசுக்கி’ என்றால் ஓர் இடத்துக்குள் நுழை. ஆங்கிலம் சிறுசொல்லால் செய்வதை மலாய் ஒட்டால் செய்கிறது.

மலேசிய ஆங்கிலம் இந்தச் சிறுசொற்களைத் தன் போக்கில் கையாண்டிருக்கிறது. பயிற்சிப் புத்தகத்தை ஆசிரியரிடம் ஒப்படைப்பது இங்கே ‘பாஸ் அப்’. பிரிட்டனில் ‘ஹேண்ட் இன்’. விளக்கை அணைக்க ‘ஆஃப் தி லைட்’, விசிறியைச் சுழலவிட ‘ஆன் தி ஃபேன்’. ‘ஸ்விட்ச்’ என்ற வினை விழுந்துவிட்டது; அதன் பின்னால் நின்ற சிறுசொல்லே வினையாகிவிட்டது. தமிழில் நாம் சொல்லும் ‘ஆஃப் பண்ணு’, ‘ஆன் பண்ணு’ என்பதும் இதுவே. பொருளின் கனம் முழுவதும் சிறுசொல்லில்தான் இருக்கிறது என்று பேசுகிறவரின் காது சரியாகக் கண்டுகொண்டதால் இது நடந்தது. இதை வெறும் பிழை என்று சிவப்பு மையில் வட்டமிடுவதோடு நிறுத்தினால், பிள்ளை தானாகக் கண்டுபிடித்த ஓர் இலக்கண உண்மையையும் சேர்த்து அடித்துவிடுகிறோம். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு மலேசியா முழுக்க வழங்கும் ‘கோஸ்தான்’ இன்னும் பழையது. கப்பல்காரர்களின் ‘கோ அஸ்டர்ன்’ என்ற வினையும் வினையடையும் ஒன்றாகக் குழைந்து ஒரே மலாய்ச் சொல்லாகிவிட்டன.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்கு நம் சொல் என்ன? பார்த்துக்கொள். ‘லுக்’ என்பது பார். அதோடு ‘கொள்’ சேர்ந்ததும் கண்ணால் காணும் வேலை காக்கும் பொறுப்பாக மாறிவிடுகிறது. ‘பிள்ளையைப் பார்’ என்பதற்கும் ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்பதற்கும் உள்ள தூரம் ‘லுக் அட்’டுக்கும் ‘லுக் ஆஃப்டர்’ருக்கும் உள்ள அதே தூரம். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பது எதிர்பார். ‘லுக் ஃபார்’ என்பதற்குத் தேடு என்று சொன்னாலும், ‘பொண்ணு பாக்கறாங்க’, ‘வாடகைக்கு வீடு பாக்கறோம்’ என்று பேசும்போது பார் என்ற வினைதான் தேடும் வேலையைச் செய்கிறது. மலாய் விளக்கத்தில் அறுந்த நூல் தமிழில் அறுபடாமல் இருக்கிறது.

இது ஒரு வினையோடு நிற்பதில்லை. ‘புட் ஆஃப்’ என்பது தள்ளிப்போடு. ‘புட்’டும் போடும் நேருக்கு நேர். ‘புட் ஆன்’ என்பது, சட்டையைப் பற்றிப் பேசும்போது, போட்டுக்கொள். ‘ஹோல்ட் ஆன்’ என்பது பிடித்துக்கொள். ‘டேக் ஆன்’ என்பது ஏற்றுக்கொள். ‘சேவ் அப்’ என்பது சேர்த்துவை. வெப்பத்தில் மீன் வீணாவதை ஆங்கிலத்தில் ‘கோ ஆஃப்’ என்கிறார்கள். நாம் ‘கெட்டுப்போச்சு’ என்கிறோம். கெடுவதற்குப் ‘போ’ என்ற வினை எதற்கு என்று தமிழ் பேசும் யாரும் நின்று யோசிப்பதில்லை. நல்ல நிலையைவிட்டு விலகிப் போவதை அது காட்டுகிறது. ‘ஆஃப்’ காட்டுவதும் அந்த விலகலையே. ‘ஓடிப்போனாள்’ என்றால் வெறும் ஓட்டம் அல்ல என்று ஊருக்கே தெரியும். ‘ரன் அவே’, ‘ரன் ஆஃப்’ இரண்டுக்கும் அதே இரட்டைப் பொருள்.

‘அப்’ என்ற சொல்தான் மாணவரை அதிகம் குழப்புவது. மேலே என்று பாடம் படித்தவருக்கு ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘டேர் அப்’ என்பவற்றில் எது மேலே போகிறது என்ற கேள்வி எழத்தான் செய்யும். எதுவும் மேலே போகவில்லை. செயல் முழுமையடைந்துவிட்டது என்பதை ‘அப்’ காட்டுகிறது. நம் ‘விடு’ செய்யும் வேலை அதுதான்: சாப்பிட்டுவிடு, தீர்த்துவிடு, கிழித்துவிடு. ‘விடு’ என்பதற்கு வெளியேற்று, நீங்கு என்ற பொருள் தனியாக இருக்கும்போது உண்டு. துணைவினையானதும் அது கரைந்து நிறைவு மட்டும் மிஞ்சுகிறது. ‘அப்’பில் ‘மேல்’ என்ற பொருள் கரைந்ததும் இப்படியே. இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட நூல் தமிழ் வினை இவ்வாறு துணைவினையால் விரிந்துகொண்டே போவதை நுணுக்கமாக ஆராய்கிறது. ஹெரால்ட் ஷிஃப்மன் தன் பேச்சுத்தமிழ் இலக்கணத்தில் இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைகளுக்கு வினையிலிருந்து பிரித்துத் தனிப் பொருள் தருகிறது. இவை இருந்தும், நம் பள்ளியில் துணைவினை தமிழ்த் தேர்வுக்கான ஒரு பாடமாகவே நின்றுவிடுகிறது. அடுத்த பாடவேளையில் வரும் ஆங்கில ஆசிரியருக்கு அதோடு தொடர்பே இருப்பதில்லை.

பேசுகிறவரின் மனநிலையைக் காட்டுவதிலும் இரண்டும் சந்திக்கின்றன. ‘போய்த் தொலை’ என்பதில் உள்ள எரிச்சல் ‘கிளியர் ஆஃப்’ என்பதிலும் இருக்கிறது. ‘எழுதித் தள்ளினான்’ என்று நாம் சொல்லும்போது அளவும் வேகமும் கொஞ்சம் அலட்சியமும் சேர்ந்து கேட்கின்றன. ‘சர்ன் அவுட்’ என்பதில் ‘அவுட்’ அதைத்தான் தருகிறது. ‘சொத்தை மகள் பேருக்கு எழுதிவைத்தார்’ என்றால் காகிதத்தில் எழுதி எங்கோ வைத்தார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் அது ‘மேக் ஓவர்’ அல்லது ‘சைன் ஓவர்’. உறுப்புகளின் பொருளைக் கூட்டினால் மொத்தத்தின் பொருள் வராது என்ற உண்மையை, ஐந்து வயதுத் தமிழ்ப்பிள்ளை தன் மொழியில் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்திருக்கிறது.

சிறுசொல் முன்னால் ஒட்டும் வகையும் நம்மிடம் உண்டு: மேற்கொள், உட்கொள், முன்வா, பின்பற்று, வெளியிடு. ‘அண்டர்டேக்’, ‘ஓவர்கம்’ போல இவை எழுத்துநடையின் பக்கம் சாய்ந்தவை. பேச்சில் துணைவினைதான் ஆட்சி செய்கிறது.

இந்த ஒப்புமையை எல்லை தாண்டி இழுக்கக் கூடாது. ‘விடு’ ஏறத்தாழ எல்லா வினையோடும் சேரும், ‘அப்’ அப்படியல்ல. ‘வந்துவிடு’ என்பதை ‘கம் அப்’ என்று சொன்னால் பொருள் வேறாகிவிடும். அதைவிடப் பெரிய வேறுபாடு ஒலியில் இருக்கிறது. நம் துணைவினை தேய்ந்துகொண்டே போவது: ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பது ‘சாப்ட்டுட்டேன்’ ஆகி, ‘விடு’ ஓர் ஒலித்துணுக்காகிவிட்டது. ஆங்கிலத்தில் நேர்மாறு. வினை சிறுத்து, சிறுசொல் அழுத்தமாக, பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. இடையில் பொருளை நுழைப்பதும் நமக்குப் பழக்கமில்லை. ‘சாப்பிட்டே விட்டான்’ என்று ஏகாரம் போன்ற இடைச்சொல்லை நுழைக்கலாம். சோற்றை நுழைக்க முடியாது. ‘பிக் அப் இட்’ என்று மாணவர் எழுதுவது இதனால்தான். இதற்கு இலக்கண விளக்கம் போதாது. வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்: ‘பிக் இட் அப்’, ‘புட் இட் டவுன்’, ‘டர்ன் இட் ஆஃப்’ என்று, ‘இட்’டை விழுங்கி, கடைசிச் சொல்லை ஓங்கி.

இடப்பெயர்ச்சி வினைகளில் தமிழும் மலாயும் ஒரே பக்கம் நிற்கின்றன. மொழிகள் திசையை எங்கே வைக்கின்றன என்பதைக் கொண்டு லெனர்ட் டால்மி செய்த வகைப்பாடு இங்கே உதவுகிறது. ஆங்கிலம் நகரும் விதத்தை வினையில் வைத்து, திசையைச் சிறுசொல்லிடம் விட்டுவிடும். நாம் ஏறு, இறங்கு, நுழை, திரும்பு என்று திசையை வினைக்குள்ளேயே வைக்கிறோம், விதத்தை எச்சமாக்குகிறோம். ‘ஓடி இறங்கினான்’ என்பது ஆங்கிலத்தில் ‘ரன் டவுன்’. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘என்டர்’, ‘டிசெண்ட்’, ‘ரிட்டர்ன்’ போன்றவை நம் வினைகளைப் போலத் திசையை உள்ளடக்கியவை. ஜொகூர் மாணவர் ‘கோ இன்’ என்பதை விட்டு ‘என்டர்’ரைத் தேர்வதற்கு, அது பெரிய சொல்லாகத் தெரிவது மட்டும் காரணமாக இருக்காது, அவருடைய இரண்டு மொழிகளும் அவரை அந்தப் பக்கமே தள்ளுகின்றன. ‘ரிட்டர்ன் பேக்’ என்று இரண்டு தடவை திரும்பிவரும் வழக்கும் இந்தக் குறுக்குச்சாலையில் பிறந்ததுதான்.

முன்னிடைச்சொல்லில் சிக்கல் வேறு. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதும் மாணவரின் மனத்தில் ‘அதைப் பற்றிப் பேசினோம்’ ஓடுகிறது. மலாயில் ‘தெந்தாங்’ ஓடுகிறது. ஆங்கிலத்திலேயே பெயராக வரும்போது ‘டிஸ்கஷன் அபவுட்’ என்று வருவதும் சேர்ந்துகொள்கிறது. மூன்றும் ஒரே திசையில் இழுக்கும்போது பிழை நிலைத்துவிடுவதில் வியப்பில்லை. இங்கே துணைவினை உதவாது. வேற்றுமைதான் பேச வேண்டும். எந்த வினை எந்த உருபை ஏற்கும் என்று தமிழ் இலக்கணத்தில் படித்ததை ஆங்கில வினைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

டச்சு மாணவரின் ஐயத்தைப் பற்றிச் சொன்னேன். தமிழ் மாணவரிடமும் அது இருக்கிறது. ‘பார்த்துக்கொள்’ளுக்கும் ‘லுக் ஆஃப்டர்’ருக்கும் உள்ள ஒற்றுமையை முதல் தடவை காட்டும்போது, இது தற்செயல், இதை நம்பி எழுதினால் தவறாகிவிடும் என்ற தயக்கம் வரும். ஆங்கிலத்தில் தமிழை நினைக்காதே என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லி வளர்த்தவர்கள் நாம்தானே. அந்தத் தயக்கத்தைப் போக்க ஓரிரு எடுத்துக்காட்டு போதாது. எட்டுச் சிறுசொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அது சேரும் வினைகளையும் ஈடான தமிழ்த் துணைவினைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் இடம் எது, பிரியும் இடம் எது என்று மாணவரையே குறிக்கச் சொல்ல வேண்டும்.

‘ஆஃப்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘டேக் ஆஃப்’ என்ற ஒன்றே போதும். சட்டையைக் கழற்றுவதும் ‘டேக் ஆஃப்’, செனாய் விமான நிலையத்தில் விமானம் கிளம்புவதும் ‘டேக் ஆஃப்’, ஒருநாள் விடுப்பு எடுப்பதும் அதே கூட்டு, தொழில் சூடுபிடிப்பதும் அதே. பட்டியலில் இவை நான்கு தனி வரிகள். உடலிலிருந்து சட்டை விலகுகிறது, தரையிலிருந்து விமானம் விலகுகிறது, வேலை நாள்களிலிருந்து ஒருநாள் விலகுகிறது என்று மூன்றைக் காட்டினால், ‘ஆஃப்’ என்றால் ஒட்டியிருந்தது விடுபடுவது என்று பிடிபட்டுவிடும். நான்காவதை ஆசிரியர் விளக்க வேண்டியதில்லை. ஓடுபாதையில் ஓடிக்கொண்டே இருந்தது எழும்பிவிட்டது என்று வகுப்பில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.